விழாக்களைப் பாராமற் போவதோ?



தமிழகத்துத் திருவிழாக்களின் பழைமையைப் பற்றிப் பேசும் அறிஞர்கள் தவறாது எடுத்துக்காட்டும் நூற்சான்று ஒன்றுண்டு. 7ஆம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் மயிலாப்பூரிற் பாடிய பூம்பாவைத் திருப்பதிகமே அது. அன்றைய மயிலையின் விழாக்களை அது வரிசைப்படுத்திச் சொல்கிறது. ஆனால், அந்த வரிசை பாடப்பட்ட இடம் விழாக்களம் அன்று. ஒரு பெண்ணின் சாம்பலும் எலும்பும் கிடந்த குடத்தின் முன்னால் அது பாடப்பட்டது.

கதையைச் சேக்கிழார் பெரியபுராணத்திற் சொல்கிறார். மயிலை வணிகர் சிவநேசரின் மகள் பூம்பாவை, மலர் கொய்யப் போன இடத்தில் அரவு தீண்டி இறந்தாள். நம் ஊரிற் காடாற்றியபின் சாம்பலைக் கடலிற் கரைத்துவிடுவோம். சிவநேசரோ கரைக்கவில்லை. மகளின் எலும்பையும் சாம்பலையும் குடத்திலிட்டுக் காத்து வைத்திருந்தார். சம்பந்தர் மயிலைக்கு வந்தபோது அக்குடத்தை அவர்முன் கொண்டுவந்து வைத்தார். சம்பந்தர் பாடினார், பூம்பாவை எழுந்தாள் என்பது புராணம்.

இப்பதிகத்தைப் படிப்பித்தபோது மாணவன் ஒருவன் என்னிடம் கேட்டான்: “சேர், செத்துப்போன பிள்ளையைக் கூப்பிடுகிறவர் அப்பா அழுகிறார், வா என்றல்லவா கூப்பிடவேண்டும்? எதற்காகத் திருவிழாக்களைச் சொல்கிறார்?”

நல்ல வினா. விடை பதிகத்தின் அமைப்பிலேயே இருக்கிறது. முதற்பாட்டில் வருவது அடியார்க்கு அமுதிடும் காட்சி. அடுத்து ஐப்பசி ஓணம். இன்று ஆவணியிற் கேரளத்தின் பெருவிழாவாக விளங்கும் ஓணம், அன்று மயிலையில் ஐப்பசியில் நடந்திருக்கிறது. பின்னர் கார்த்திகை விளக்கீடு, ஆதிரை, நெய்யிட்ட சோற்றோடு தைப்பூசம், மாசிக் கடலாட்டு, பங்குனி உத்திரம் என மாதவரிசை பிறழாமல் விழாக்கள் வருகின்றன. அட்டமியும் ஊஞ்சல் விழாவும் பெருஞ்சாந்தியும் தொடர்கின்றன. ஒவ்வொன்றையும் சொல்லி, இதைப் பாராமலே போகிறாயா என்று அவளைக் கேட்கிறார் சம்பந்தர்.

உலகம் நிலையாதது என்பதை நம் இலக்கியம் பலமுறை சொல்லியிருக்கிறது. இங்கே சம்பந்தர் அதைச் சொல்லவில்லை. வளையணிந்த கைகள் விளக்கேற்றுவதையும், ஊர் திரண்டு கடலாடுவதையும், வீதியெங்கும் பாட்டொலி நிறைவதையும் சொல்கிறார். வாழ்வதற்குரிய காரணங்களாக அவர் அடுக்குபவை இவைதாம். இவற்றுள் ஒன்றேனும் ஒருவர் தனித்திருந்து செய்யக்கூடியதன்று. விழா என்பது ஊர் ஒருவரை அழைக்கும் அழைப்பு. இந்தப் பாட்டைப் பூம்பாவை மட்டுமா கேட்டாள்? குடத்தைக் கைவிட முடியாதிருந்த தந்தையும் அருகே நின்று கேட்டிருப்பாரல்லவா?

அந்த அழைப்பு மயிலையில் இன்றும் ஓயவில்லை. கபாலீசுவரர் கோயிலிற் பங்குனிப் பெருவிழாவின் எட்டாம் நாளன்று பூம்பாவை எழுந்த நிகழ்ச்சியை நடத்திக் காட்டிய பின்னரே அறுபத்துமூவர் உலா புறப்படுகிறது. மாசி மகத்துக்குச் சுவாமி மெரீனாக் கடற்கரைக்கு எழுந்தருளுகிறார்.

மயிலையிலிருந்து நம் படலைக்கு வருவோம். சம்பந்தர் சொன்ன விளக்கீடு என்ற சொல் யாழ்ப்பாணத்தில் இன்றும் வீட்டுச் சொல்லாகவே வழங்குகிறது. வாழைக்குற்றி நட்டு அதன்மேல் தீபம் வைப்பதும், தடியில் துணி சுற்றி எண்ணெயில் தோய்த்த பந்தங்களைக் கிணற்றடியிலும் மாட்டுக்கொட்டிலிலும் நாட்டுவதும் நாமறிந்தவை. நான் மாணவனாயிருந்த 1990களில், மின்சாரமில்லாத குடாநாட்டிற் சாம் போத்தல் விளக்கிற் படித்தோம். எண்ணெய்க்கு அவ்வளவு தட்டுப்பாடிருந்தும் விளக்கீட்டன்று ஒரு பந்தத்துக்காவது எண்ணெய் எடுத்து வைத்த வீடுகளை நான் அறிவேன்.

இழவு விழுந்த வீட்டில் ஆட்டைத் திவசம் வரை பண்டிகை கொண்டாடுவதில்லை. அந்த வழக்கத்தை நான் குறை கூறமாட்டேன். துயருக்கு ஓராண்டு இடம் கொடுத்து, அதன்பின் வாசலைத் திறக்கச் சொல்லும் வழக்கம் அது. ஆனால், காணாமல் ஆக்கப்பட்டவர்களின் வீடுகள் நம்மிடையே உண்டு. போர் 2009இல் முடிந்தது. அந்த வீடுகளிற் காடாற்றச் சாம்பலில்லை, திவசத்துக்குத் திதியில்லை. அங்கே ஓராண்டை எந்த நாளிலிருந்து எண்ணுவது? விளக்கேற்றினால் பிள்ளையை மறந்துவிட்டதாக ஆகிவிடுமோ என்று தாய் அஞ்சுகிறாள். ஏற்றாமலே ஆண்டுகள் போகின்றன.

அந்தத் தாய்க்கு நிலையாமையைப் போதிக்க நமக்கு உரிமையில்லை. மறந்துவிடு என்று சொல்லவும் உரிமையில்லை. அவளுடைய பிள்ளை எங்கே என்ற கேள்விக்கு விளக்கீடு விடையாகாது. அந்தக் கேள்வி கேட்கப்பட்டுக்கொண்டே இருக்கவேண்டும். அயலவர் செய்யக்கூடியது வேறு. சம்பந்தர் வகுத்த வரிசையையே நாமும் பின்பற்றலாம். அவர் முதலிற் சோற்றைச் சொன்னார், பிறகுதான் விளக்கைச் சொன்னார். விளக்கீட்டுக்கு முன்னதாகவே ஒருநாள் அவளை நம் வீட்டுக்கு அழைத்து, பந்தியில் நம்மோடு இருத்தி உண்போம். விளக்கீட்டன்று நம் பிள்ளைகளின் கையில் ஒரு பந்தத்தைக் கொடுத்து அவளுடைய படலைக்கு அனுப்புவோம். நாட்டலாமா அம்மா என்று அவர்கள் கேட்கட்டும். அவள் வேண்டாம் என்றால் அடுத்த ஆண்டும் போய்க் கேட்கட்டும்.