முதுமையும் நினைவாற்றலும்

வன்னி நாட்டுக் கிராமமொன்றிலே எழுபது வயதைக் கடந்த பெரியவர் ஒருவர் வெற்றிலைத் தட்டம் வைத்த இடத்தை மறந்து தேடுவாராயின், வீட்டிலுள்ளோர் "அப்புவுக்கு அறளை பெயர்ந்துவிட்டது" என்று சொல்லிவிட்டு அப்பாற் செல்வர். அதே வீட்டிலுள்ள இருபது வயதுப் பேரன் சைக்கிள் திறப்பைத் தொலைத்துவிட்டுத் தேடினால், "கவனமில்லாத பிள்ளை" என்ற அளவோடு பேச்சு முடிந்துவிடும். மறதி ஒன்றே, அதற்கு வழங்கும் தீர்ப்புத்தான் வயதுக்கு வயது வேறுபடுகின்றது. அறளை பெயர்ந்தவர் என்று ஒருமுறை பெயர் சூட்டப்பட்டவரிடம் காணி பற்றியோ கல்யாணம் பற்றியோ எவரும் பின்னர் ஆலோசனை கேட்பதில்லை. ஆதலால் இது வெறும் பேச்சு வழக்குப் பற்றிய செய்தியன்று.

முதுமை வந்தால் அறிவு மங்கும் என்ற எண்ணம் வன்னிக்கு மட்டும் உரியதுமன்று. மேனாட்டு உளவியலாளரும் நெடுங்காலம் அவ்வாறே நம்பினர். அந்நம்பிக்கையை அளந்து பார்ப்பதிலே தம் வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்டவர் வார்னர் ஷாய் என்னும் உளவியலறிஞர். அவருடைய வரலாறு வன்னி மக்களுக்கு அந்நியமாகத் தோன்றாது. அவரும் ஓர் அகதியே. 1928ஆம் ஆண்டு ஜேர்மனியின் ஸ்டெற்றின் நகரில் யூதக் குடும்பமொன்றிற் பிறந்தார். நாசிகளின் கொடுமைக்குத் தப்பி அக்குடும்பம் சீன நாட்டின் ஷங்காய் துறைமுகத்திற் புகலிடம் தேடியது. போர் முடிந்தபின், 1947இல், அமெரிக்காவை அடைந்தார். இரவில் அச்சுக்கூடத்தில் வேலை, பகலிற் படிப்பு என்று கலிபோர்னியாவிற் காலங்கழித்த அம்மாணவர், மூத்தோரின் மனத்திறனை ஆராய விரும்பினார். சோதனைக்கு முதியோர் எங்கே கிடைப்பர்? தம் குடும்ப வைத்தியரின் மருந்தகத்திற் காத்திருந்த முதிய நோயாளர்களிடமே வினாத்தாள்களைக் கொடுத்தார்! 1951இல், பட்டம் பெறுவதற்கு முன்னரே, அம்முடிவுகளை முதுமையியல் மாநாடொன்றிற் சமர்ப்பித்தார்.

அக்காலத்து ஆராய்ச்சியாளர் கையாண்ட முறை எளிதானது. இருபது வயதினர் சிலரையும், நாற்பது வயதினர் சிலரையும், எழுபது வயதினர் சிலரையும் ஒரே காலத்திற் கூட்டி ஒரே வினாக்களைக் கொடுப்பர். எழுபது வயதினர் குறைந்த புள்ளி பெறுவர். உடனே, வயது ஏற ஏற அறிவு இறங்குகின்றது என்று கோடு வரைந்துவிடுவர். இம்முறையிலுள்ள குறையை உணர்தற்கு வன்னியைவிடச் சிறந்த இடம் வேண்டியதில்லை. இலங்கையில் இலவசக் கல்வி 1945இல் வந்ததாயினும், காட்டோரக் கிராமங்களுக்குப் பள்ளிக்கூடம் எட்டுதற்குப் பின்னும் ஆண்டுகள் பல சென்றன. இரணைமடுக் குளத்தின் கீழ்க் காடு வெட்டிக் கமம் செய்ய வந்த குடும்பங்களின் பிள்ளைகளிற் பலர் அரிவரியோடு நின்றவர்கள். 1977ஆம் ஆண்டு வன்செயலின் பின் மலைநாட்டுத் தோட்டங்களை விட்டு வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் குடியமர்ந்தோரில் அந்த அரிவரியும் வாய்க்காதோர் உளர். அத்தகைய ஆச்சி ஒருவரையும், உயர்தர வகுப்பிற் படிக்கும் அவருடைய பேர்த்தியையும் பக்கம் பக்கமாக இருத்தி, தாளும் பென்சிலும் கொடுத்துச் சோதித்தால், வெளிப்படுவது முதுமையா, பள்ளிக்கூடம் இல்லாத இளமையா?

இச்சிக்கலை அவிழ்க்கவே ஷாய் 1956இல் சியாற்றில் நகரிற் புதியதோர் ஆய்வைத் தொடங்கினார். கூட்டுறவு மருத்துவச் சங்கமொன்றின் அங்கத்தவர்களுள் இருபத்தொரு வயது தொடங்கி எழுபது வயது வரையுள்ள 500 பேரைத் தெரிந்தெடுத்தார். சொற்பொருளறிதல், இடவுணர்வு, தருக்கம், எண்திறன், சொல்வளம் ஆகியவற்றை அளந்தார். இவ்வளவும் புதுமையன்று. ஏழு ஆண்டு கழிந்து, 1963இல், அதே மனிதர்களைத் தேடிச் சென்று அதே திறன்களை மறுபடியும் அளந்ததுதான் புதுமை. ஒருவரை இன்னொருவரோடு ஒப்பிடாமல், அவரை அவரோடே ஒப்பிட்டார். பின்னர் 1970, 1977, 1984 என்று ஏழாண்டுக்கொருமுறை அப்பணி தொடர்ந்தது. ஒவ்வொரு முறையும் புதியவர்களும் சேர்க்கப்பட்டனர். நாற்று நட்ட மறுவாரமே கதிர் பார்க்க விரும்புவோருக்கு இத்தொழில் ஒத்துவராது.

விளைவு பலரை வியப்பில் ஆழ்த்தியது. ஒரே நாளிற் பல வயதினரை ஒப்பிட்டபோது செங்குத்தாக விழுந்த கோடு, ஒரே மனிதரைத் தொடர்ந்து பார்த்தபோது அறுபது வயது வரையும் பெரிதாக விழவில்லை. எண்பத்தொரு வயதை அடைந்தோரிற்கூட, முந்திய ஏழாண்டுகளில் உறுதியான வீழ்ச்சி கண்டோர் பாதிக்கும் குறைவானவரே. எல்லாத் திறனும் ஒருங்கே தளர்வதுமில்லை. விரைவு முதலிலே குறைகின்றது. சொற்பொருளறிவு நெடுநாள் நிற்கின்றது. மூத்தவர் விடையை அறியாதவரல்லர். விடைக்கு நேரம் வேண்டுபவர். வினவியவர் பொறுமையிழந்து எழுந்து போய்விடுவதால் அது மறதியாகக் கணக்கிடப்படுகின்றது.

இருதய நோயின்மை, மாற்றத்துக்கு இணங்கும் மனப்பாங்கு, மூளைக்கு வேலை தரும் வாழ்க்கை ஆகியன திறனைக் காப்பதாகவும் ஷாய் கண்டார். கூர்த்த மதியுள்ள துணைவரோடு வாழ்தலும் அவற்றுள் ஒன்று. (இதனை எந்தத் துணைவரும் மறுக்கமாட்டார்.) தம் துணைவியாரும் உளவியலறிஞருமான ஷெரி வில்லிசோடு சேர்ந்து, அறுபத்து நான்கு வயதைக் கடந்தோருக்கு ஐந்து மணி நேரமே பயிற்சி கொடுத்துப் பார்த்தார். ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் முன்னேறினர். திறன் தளர்ந்தோருள் நூற்றுக்கு நாற்பது பேர் பதினான்கு ஆண்டுகளுக்கு முன்னிருந்த நிலைக்கே மீண்டனர். எனினும் இதனை மிகைப்படுத்தல் தகாது. பின்னர் அமெரிக்காவில் 2,832 முதியோரைக் கொண்டு நடைபெற்ற பெரிய ஆய்வொன்றின் பத்தாண்டு முடிவு 2014இல் வெளிவந்தது. தருக்கத்துக்கும் விரைவுக்கும் அளித்த பயிற்சியின் பயன் அப்பொழுதும் எஞ்சியிருந்தது. நினைவாற்றலுக்கென அளித்த பயிற்சியின் பயன் எஞ்சவில்லை.

இனி, சியாற்றில் நகரத்து அளவுகோலை அப்படியே கொண்டுவந்து வன்னியில் நாட்டிவிடவும் முடியாது. அந்நகரத்து முதியோர் அறியாத ஒன்றை வன்னி முதியோர் அறிவர். 2009ஆம் ஆண்டின் இறுதிப் போரிலே கிளிநொச்சி, முல்லைத்தீவு மக்கள் ஊர் ஊராக இடம்பெயர்ந்து, ஈற்றில் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் முகாம்களில் அடைபட்டனர். செட்டிகுளத்து மெனிக் பாம் முகாம் 2012 செப்டெம்பரிலேயே மூடப்பட்டது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் உளமருத்துவப் பேராசிரியராக விளங்கிய தயா சோமசுந்தரம், வன்னி மக்களின் கூட்டு மனவடுப் பற்றி 2010இல் ஆய்வுக்கட்டுரை வெளியிட்டார். தனிமனிதரின் உள்ளம் மட்டுமன்றி, குடும்பமும் ஊரும் காயப்பட்டன என்பது அவருடைய கருத்து.

இக்கருத்து மறதியோடும் தொடர்புடையது. பிள்ளையைப் பறிகொடுத்த தாய், சொன்னதைக் காதில் வாங்காதிருத்தலும், அடுப்பில் உலையை வைத்துவிட்டு மறத்தலும் கூடும். நித்திரை இல்லை, கவனம் ஓரிடத்தில் நிற்பதில்லை. கவனத்தில் ஏறாதது நினைவில் எப்படி நிற்கும்? புறத்தே பார்ப்போருக்கு இது மூளைத் தேய்வு போலவே தோன்றும். ஆனால் மனச்சோர்வினால் வரும் மறதி, தக்க சிகிச்சையினாலும் ஆதரவினாலும் பெரும்பாலும் குறையக்கூடியது. கேள்விக் குறைவு, தைரொயிட் சுரப்பிக் குறைபாடு, உயிர்ச்சத்து பி பன்னிரண்டின் பற்றாக்குறை என்பனவும் அத்தகையனவே. இவையனைத்தையும் அறளை என்ற ஒரு சொல்லுக்குள் அடக்கிவிட்டால், மாற்றத்தக்க நோயும் மாறாமலே கிடக்கும்.

மாறாத நோயும் உண்டு. பேரப்பிள்ளையின் பெயர் நாவில் வராமற் பின்னர் நினைவுக்கு வருவது முதுமையின் இயல்பு. அப்பிள்ளை யாரென்றே அறியாதிருத்தல் நோயின் குறி. துருசு திறக்கும் நாளை மறப்பது ஒன்று. நாற்பது ஆண்டு நடந்த குளக்கட்டிலே வீட்டுக்கு வழி தெரியாது நிற்பது வேறொன்று. பின்னதைக் கண்டவர் காலந்தாழ்த்தாது முதியவரை வைத்தியரிடம் அழைத்துச் செல்லல் வேண்டும். மறதி எப்பொழுது தொடங்கியது, மெல்ல வந்ததா, ஓர் இழப்பின் பின் சடுதியாக வந்ததா, இரவில் நித்திரை எப்படி என்பவற்றை வீட்டிலுள்ளோரே வைத்தியருக்குச் சொல்ல வேண்டும். முதியவரையும் பக்கத்தில் இருத்தி, அவர் தாமாகச் சொல்வதற்கு நேரம் கொடுத்துக் கேட்க வேண்டும்.