‘சென்ட் பேக்’ என்றால் எல்லா நேரமும் நாடு கடத்தல் இல்லை

(பிளாக்டவுன் தமிழ் ஒன்றுகூடலில் எமது தொண்டர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இண்டைக்கு ஒரேயொரு இங்கிலிஷ் சொல்லைப் பற்றித்தான் கதைக்கப் போறன். ‘சென்ட் பேக்’. தமிழில ‘திருப்பி அனுப்பு’. எங்கட ஆக்களுக்கு இது காதில விழுந்தாலே கட்டுநாயக்கா விமான நிலையம்தான் கண்ணுக்கு முன்னால நிக்கும். நியாயமான பயம். ஆனால் உங்கள் வழக்கில் இந்தச் சொல் பல இடங்களில் வரும், இடத்துக்கு இடம் கருத்து மாறும்.

முதலில் சின்ன விஷயம். ‘ப்ளீஸ் சென்ட் பேக் திஸ் ஃபோம்’ என்றால் படிவத்தை நிரப்பி நீங்கள்தான் அனுப்ப வேண்டும். அவ்வளவுதான். விண்ணப்பத்தை அவர்கள் திருப்பி அனுப்பினால் கடிதத்தில் ‘இன்வலிட்’ என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கோ. விண்ணப்பம் செல்லுபடியாகவில்லை, உங்கள் கதையை இன்னும் ஒருவரும் பரிசீலிக்கவில்லை என்பது அதன் பொருள். ‘ரிஃபியூஸ்ட்’ என்றால் பரிசீலித்து மறுத்துவிட்டார்கள். இரண்டுக்கும் செய்ய வேண்டிய வேலை வேறு. செல்லுபடியாகாத விண்ணப்பத்தை வைத்து பிரிட்ஜிங் வீசாவும் கிடைக்காது, அதனால் அன்றைக்கே சட்டத்தரணியைப் பிடியுங்கோ.

கூடப் பிழையாக விளங்கப்படுவது ட்ரிபியூனலில்தான். 2024 ஒக்டோபர் 14 முதல் அதன் பெயர் அட்மினிஸ்ட்ரேடிவ் ரிவியூ ட்ரிபியூனல். அதன் முடிவில் இரண்டு சொற்களைத் தேடுங்கோ. ‘அஃபேர்ம்’ என்று இருந்தால் அகராதியில் ‘உறுதிப்படுத்து’ என்று போட்டிருக்கும். கேட்க நல்ல சொல் மாதிரி இருக்கும். ஆனால் அவர்கள் உறுதிப்படுத்துவது திணைக்களம் மறுத்த அந்த முடிவை! ‘ரெமிட்’ என்று இருந்தால் சந்தோஷப்படலாம். வீட்டுக்குக் காசு அனுப்புவதை ரெமிட்டன்ஸ் என்கிறோமே, அதே சொல்தான். வழக்கைத் திணைக்களத்துக்குத் திருப்பி அனுப்பி, மறுபடி முடிவெடு என்று சொல்வது. வீசா அன்றைக்கே வராது. மருத்துவ, பாதுகாப்புச் சோதனைகள் இருக்கலாம்.

சட்டத்தரணி போனில் ‘ரெமிட்’ என்று சொல்லமாட்டார். ‘இட்ஸ் பீன் சென்ட் பேக் டு த டிப்பார்ட்மென்ட்’ என்பார். கேட்பவர் ‘சென்ட் பேக்’ வரைக்கும்தான் கேட்பார். மிச்சம் காதில ஏறாது. நல்ல செய்திக்கு அழுதுகொண்டு எங்களிடம் வந்தவர்கள் இருக்கினம்.

கோர்ட்டும் இப்படித் திருப்பி அனுப்பும், ஆனால் அது இன்னொரு வகை. ட்ரிபியூனல் சட்டப் பிழை விட்டிருக்கிறது, மறுபடி விசாரி என்பது மட்டுமே. நீங்கள் அகதி என்று கோர்ட் ஏற்றுக்கொண்டதாக அர்த்தமில்லை.

இனி பயப்பட வேண்டிய சொற்கள். 1958ஆம் ஆண்டின் குடிவரவுச் சட்டத்தில் ‘ரிமூவ்’ வேறு, ‘டிப்போர்ட்’ வேறு. வீசா இல்லாதவரை அனுப்புவது ‘ரிமூவல்’. ‘டிப்போர்ட்டேஷன்’ பெரும்பாலும் குற்றத் தண்டனை பெற்றவர்களுக்கு. நாங்கள் இரண்டையும் நாடு கடத்தல் என்றே சொல்கிறோம். உங்கள் கடிதத்தில் பெரும்பாலும் வருவது முதலாவது.

எனக்குப் பிடிக்காத சொல் ‘ரிட்டேர்ன்’. மெத்தென்று இருக்கும். 2014 ஜூலையில் கடலில் மறிக்கப்பட்ட 41 பேரை, கப்பலிலேயே சுருக்கமாக விசாரித்துவிட்டு, மட்டக்களப்புக்கு அப்பால் இலங்கைக் கடற்படையிடம் ஒப்படைத்தார்கள். அரசின் அறிக்கை அதற்கும் ‘ரிட்டேர்ன்’ என்றுதான் எழுதியது. ஆகவே ‘வொலண்டரி ரிட்டேர்ன்’ என்று தலைப்புப் போட்ட தாளில் சட்டத்தரணியைக் கேட்காமல் கையெழுத்து வைக்க வேண்டாம். வொலண்டரி என்றால் நீங்களாக விரும்பிப் போவது.

ஆபத்துள்ள இடத்துக்கு ஒருவரைத் திருப்பி அனுப்பக்கூடாது என்பதற்கும் ஒரு சொல் உண்டு: ‘நொன்-ரிஃபூல்மென்ட்’. பிரெஞ்சிலிருந்து வந்தது. 1951 அகதிகள் உடன்படிக்கையின் 33ஆவது பிரிவு. அவுஸ்திரேலியா 1954இல் அதில் சேர்ந்தது. உங்கள் சட்டத்தரணியின் கடிதத்தில் இது இருந்தால் உங்களுக்காக வாதாடுகிறார் என்று அர்த்தம்.

போனில் ‘சென்ட் பேக்’ என்று கேட்டால் உடனே ஒன்று கேளுங்கோ: ‘மை ஃபைல், ஓர் மீ?’ என்ர ஃபைலா, நானா? இலக்கணம் பார்க்க வேண்டாம், அவர்களுக்கு விளங்கும். எங்கே, எந்தத் தேதிக்குள் என்பதையும் கேளுங்கோ. தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்றால் டிஐஎஸ் இலக்கம் 131 450.

மறுப்புக் கடிதம் வந்தால் மேன்முறையீட்டுக்கு நாள் கணக்கு உண்டு. ட்ரிபியூனலுக்கான கடைசி நாள் தவறினால் அவர்களால் நீட்டித் தர முடியாது. கடிதத்தை உறையோடும், ஈமெயிலில் வந்தால் வந்த தேதியோடும், அன்றைக்கே கொண்டு வாங்கோ.