கரியும் எழுத்தும்



நிலக்கரிச் சுரங்கம் ஒன்றினுள் இறங்கிப் பார்க்க வேண்டும் என்பது எனது நெடுநாள் ஆசை. ஆனால், இலங்கையில் நிலக்கரிச் சுரங்கம் கிடையாது. 1928 இல் மட்டக்களப்புக்குப் பாதை திறக்கப்பட்டபோது வந்த புகையிரதங்கள் எரித்தது கப்பலில் வந்த கரியைத்தான். 2011 இல் இயங்கத் தொடங்கிய நுரைச்சோலை அனல்மின் நிலையமும் கப்பற் கரியையே நம்பியிருக்கிறது. ஆயினும், நிலக்கரிக்கு நெருங்கிய உறவான இன்னொரு கரி நம் மண்ணுக்கு அடியிலே உண்டு. அதுதான் பென்சிலின் நடுவே இருக்கும் காரீயம். கேகாலை மாவட்டத்தில் அது தோண்டப்படும் போகலச் சுரங்கத்துக்குச் சென்றுவந்த அனுபவத்தை இன்று உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

முதலில் அதன் பெயரைப் பார்ப்போம். காரீயம் என்றால் கறுப்பு ஈயம். மேல்நாட்டாரும் ஒரு காலத்தில் இதை ஈயத்தின் வகை என்றே எண்ணியிருந்தார்கள். இது ஈயமன்று, கரியே என்று 1779 இல் சுவீடன் நாட்டு இரசாயன அறிஞர் ஷீலே காட்டினார். பத்தாண்டுகள் கழித்து, ஜெர்மன் அறிஞர் வேர்னர் இதற்குக் கிராபைட் என்று பெயர் வைத்தார். 'எழுது' என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்த பெயர் அது. சிங்களத்தில் இது மினிரன். 'ரன்' என்றால் பொன். ஒருவருக்கு ஈயமாகவும், ஒருவருக்குப் பொன்னாகவும், இன்னொருவருக்கு எழுத்தாகவும் தோன்றிய பொருள் இது.

போகலவில் சுரங்க வேலை 1847 இல் தொடங்கியதாகச் சொல்லப்படுகிறது. இலங்கைக் காரீயம் பாறை வெடிப்புகளுக்குள்ளே நரம்புபோல ஓடுகிறது. அதிலே நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்குக்கு மேல் தூய கரி. அந்த நரம்பு போகும் வழியிலே மனிதனும் போக வேண்டும். அதனாலேதான் சுரங்கம் ஒடுக்கமாகவும் ஆழமாகவும் அமைந்துவிட்டது.

தலைக்கவசமும் விளக்கும் அணிந்து, இரும்புக் கூண்டிலே இறங்கினோம். மேலே இருந்த பகல் ஒரு காசளவாகிப் பின் மறைந்தது. கீழே வெக்கை. எங்கோ நீர் சொட்டும் ஓசை. சுவரைத் தொட்ட விரல் வெள்ளி கலந்த கறுப்பாக மினுங்கியது. காரீயம் வழுக்கும் பொருள் ஆகையால், கால் வைக்கும் இடத்தையும் பார்த்துத்தான் வைக்க வேண்டும்.

அங்கே ஒரு செய்தி என்னை நிறுத்தியது. சுரங்கத்தின் தளங்களுக்கு ஆழத்தைக் கொண்டே பெயரிட்டிருக்கிறார்கள். அந்த அளவு அடியுமன்று, மீற்றருமன்று. 205 பாகம், 240 பாகம் என்கிறார்கள். எங்களோடு வந்த வயதான தொழிலாளியிடம் எனக்குத் தெரிந்த சிங்களத்தில், "எப்படி அளந்தீர்கள்?" என்று கேட்டேன். அவர் இரண்டு கைகளையும் அகல விரித்துக் காட்டி, "பம்ப" என்றார். நானும் கைகளை விரித்து, "எங்கள் வாவியில் மீன்பிடிக்கிறவர்களும் இப்படித்தான் அளப்பார்கள், ஐயா, பாகம் என்போம்" என்றேன். அவர் வாய்விட்டுச் சிரித்தார். மட்டக்களப்பு வாவியின் ஆழமான இடமே ஏறக்குறைய இரண்டு பாகந்தான். இவர்கள் போன ஆழமோ 240 பாகம். அதாவது 1,440 அடி.

தளத்தின் நடுவே சின்னஞ்சிறு தண்டவாளம் ஓடுகிறது. அதன்மேல் இரும்புத் தள்ளுவண்டி. நம் மட்டக்களப்புப் பாதை ஐந்தரை அடி அகலமானது. 1902 இல் அவிசாவளையை எட்டிய களனிப் பள்ளத்தாக்குப் பாதை இரண்டரை அடி அகலத்திலே போடப்பட்டது. மலைச்சரிவின் வளைவுகளில் செலவைச் சுருக்க வேண்டியிருந்ததே அதற்குக் காரணம். 1990களில் அதையும் அகலப் பாதையாக மாற்றிவிட்டார்கள். சுரங்கப் பாதையை அப்படி அகலமாக்க முடியாது. ஓர் அங்குலம் கூடினாலும் அவ்வளவு பாறையை ஒருவர் உடைக்க வேண்டும். பாதையின் ஒடுக்கம் உழைப்பின் கணக்கு என்பதை அங்கேதான் கண்டேன்.

பழைய காலத்தில் இந்தக் கூண்டும் இல்லை. காட்டுமரத்தாற் கட்டிய ஏணிகளில் இறங்கி ஏறினார்கள். மேலே பலர் சேர்ந்து மர உருளையைச் சுற்றிக் காரீயத்தைத் தூக்கினார்கள். அதைத் தரம் பிரித்தவர்களிற் பெரும்பாலோர் பெண்கள்.

நேயர்களே, இவ்வளவு காரீயமும் பென்சிலுக்கா போனது? இல்லை. பெரும்பகுதி மூசை செய்யப் போனது. பொற்கொல்லர் பொன் உருக்கும் சிறு கலத்தை அறிவீர்கள். அதன் பெரிய வடிவங்களிலே மேல்நாட்டு ஆலைகள் உருக்கையும் பித்தளையையும் உருக்கின. முதலாம் உலகப் போரிலே துவக்குக்கும் குண்டுக்கும் உலோகம் தேவைப்பட்டது; இலங்கைக் காரீயத்துக்கு என்றுமில்லாத விலை வந்தது. 1916 இல் மட்டும் 33 ஆயிரம் தொன் வரை ஏற்றுமதியானது. போர் ஓய்ந்ததும் விலை விழுந்தது. பல குழிகள் மூடப்பட்டன. எழுத்தின் பெயரைச் சுமந்த பொருளுக்குப் போர்தான் விலை வைத்தது. போர் என்றால் என்னவென்று நம் பிரதேசத்துக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. குழியில் இறங்கியவனுக்கோ அது எங்கே போகிறது என்பதே தெரிந்திராது.

பிரெஞ்சு எழுத்தாளர் எமிலி சோலா, 1884 இல் ஆன்சான் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலைநிறுத்தம் நடந்தபோது நேரிற் சென்றார், குழிக்குள் இறங்கினார், கண்டதையும் கேட்டதையும் குறித்துக்கொண்டார். அடுத்த ஆண்டு 'ஜெர்மினல்' நாவல் நூலாக வந்தது. நம் நாட்டிலே தேயிலைத் தொழிலாளரின் வாழ்வு இலக்கியமானது, லயத்திலே பிறந்தவர்களே எழுத வந்ததனால். காரீயக் குழிக்கு அப்படி ஒரு பேனா, நான் படித்த தமிழ்க் கதைகளிலே வாய்க்கவில்லை. எழுதும் பொருளைத் தோண்டியவன் எழுதப்படாமலே போய்விட்டான்.

இது கேகாலைக்கு மட்டும் உரிய குறை அன்று. நம் மாவட்டத்திலே, வாழைச்சேனையில், 1956 இல் உற்பத்தியைத் தொடங்கியது கடதாசி ஆலை. வயலிலே எஞ்சிய வைக்கோலையும் அது கடதாசியாக்கியது. அந்தத் தாளிலே நாம் கவிதை எழுதினோம், பரீட்சை எழுதினோம், விண்ணப்பம் எழுதினோம். வைக்கோலை அவித்தவரின் கதையை எழுதினோமா? அங்கே வேலை செய்த முதியவர்கள் இன்னமும் நம் ஊர்களிலே இருக்கிறார்கள். அவர்களது ஞாபகமும் ஒரு சுரங்கந்தான். இறங்குவதற்குக் கூண்டு வேண்டாம். பக்கத்தில் அமர்ந்து கேட்கப் பொறுமை இருந்தாற் போதும்.

இளம் எழுத்தாளர்களுக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான். அடுத்த கதையைத் தேடி வெகுதூரம் போகாதீர்கள். ஒரு கொப்பியும் பென்சிலும் எடுத்துக்கொண்டு, பக்கத்து வீட்டு முதியவரிடம் போங்கள். அவர் என்ன வேலை செய்தார், எவ்வளவு கூலி வாங்கினார், கையில் இருக்கும் தழும்பு எப்படி வந்தது என்று கேளுங்கள். அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்ளுங்கள்.