தேதி வர்ற வரைக்கும்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் சுகாதாரக் குழு உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



எனக்கு முன்னாடி பேசினவங்க சேமிப்பு, வங்கிக் கடன், திருப்பிச் செலுத்துறது பத்தியெல்லாம் விவரமா சொல்லிட்டாங்க. எனக்குக் கொடுத்த தலைப்பு "உடல்நலம்". அது கடல் மாதிரி பெருசு. அதுல ஒரு கை தண்ணி மட்டும் எடுத்துக்கிறேன். உடம்புல நோவை வெச்சுக்கிட்டு, பெரிய டாக்டரைப் பார்க்கிறதுக்குக் காத்துக் கிடக்கிறோமே, அந்தக் காலத்தைப் பத்தி.

முதல்ல ஒண்ணு கேக்கிறேன். இடுப்பு, முட்டி, கழுத்து, தோள் இதுல ஏதாவது ஒண்ணு மூணு மாசத்துக்கு மேல விடாம நோவுறவங்க கை தூக்குங்க. பாருங்க, பாதி மண்டபத்துக்கு மேல இருக்குது. தூக்காதவங்கள்ல சில பேருக்கு தோள் நோவுல கையே மேல வராது, அவங்களையும் சேர்த்துக்கலாம்.

மூணு மாசம்னு நான் சும்மா சொல்லலைங்க. மருத்துவர்கள் வெச்சிருக்கிற கணக்கே அதுதான். அடிபட்டா வர்ற நோவு காயம் ஆற ஆறக் குறையோணும். மூணு மாசம் தாண்டியும் நின்னா அதுக்குப் பேரு நாள்பட்ட வலி. உலக சுகாதார நிறுவனத்தோட நோய்ப் பட்டியல், 2022 ஜனவரியில நடைமுறைக்கு வந்த புதுப் பதிப்புல, நாள்பட்ட வலிக்குத் தனி இடமே கொடுத்திருக்காங்க. வலிங்கிறது வேற நோயோட அறிகுறியா இருக்கலாம், சில பேருக்கு அதுவே நோயாகவும் இருக்கலாம்னு அதுக்கு அர்த்தம். இதை எதுக்குச் சொல்றேன்னா, எக்ஸ்ரேயில ஒண்ணும் தெரியலைன்னு வந்த அன்னைக்கே நம்ம வீட்டுல "இவ வேலைக்குப் போகாம இருக்க வேஷம் போடறா"ன்னு பேச்சு ஆரம்பிச்சுரும். படத்துல தெரியாத நோவும் நோவுதான். அதேமாதிரி படத்துல ஜவ்வு விலகினது தெரிஞ்சாலே ஆபரேஷன்தான்னு பயப்படவும் வேண்டாம். ஒரு நோவும் இல்லாதவங்க எத்தனையோ பேரை ஸ்கேன் எடுத்தாலும் அதே மாதிரி ஜவ்வுப் பிதுக்கம் தெரியும்.

2020ஆம் ஆண்டுக் கணக்குல உலகம் பூரா இடுப்பு நோவோட இருக்கிறவங்க 61 கோடியே 90 லட்சம் பேர். ஆம்பளைங்களை விடப் பொம்பளைங்கதான் அதுல அதிகம். நம்ம சீமையில ஏன்னு கேக்கவே வேண்டாம். திருச்செங்கோடு, பள்ளிபாளையம் பக்கம் தறிக்கூடத்துல நின்னுக்கிட்டே தார் போடறோம். ஆத்தூர், ராசிபுரம் பக்கம் சேகோ ஆலையில குத்த வெச்சு உக்காந்து குச்சிக்கிழங்கு தோல் சீவறோம். சிவதாபுரத்துல கொலுசுப் பட்டறையில குனிஞ்ச தலை நிமிராம வளையம் கோக்கிறோம். நாமக்கல் கோழிப்பண்ணையில ஏழு தட்டு முட்டையை அடுக்கினா 210 முட்டை, பன்னெண்டு கிலோ பக்கம் வரும், அதைத் தூக்கி வண்டியில வெக்கிறது நாள் முழுக்க. அதுக்கு மேல வீட்டுல குடம், துணி, மாடு. இந்த வேலைக்கெல்லாம் கூலி உண்டு, இடுப்புக்குக் கூலி கிடையாது.

சரி, காத்திருக்கிற விஷயத்துக்கு வர்றேன். இங்கிலாந்துல அரசாங்க மருத்துவத்துல ஒரு விதி வெச்சிருக்காங்க: குடும்ப டாக்டர் எழுதிக் கொடுத்த நாள்ல இருந்து 18 வாரத்துக்குள்ள சிகிச்சை தொடங்கோணும். அதைத் தாண்டியும் லட்சக்கணக்குல ஆளுங்க காத்துக் கிடக்கிறாங்க. ஆனா அங்க வரிசை ஆஸ்பத்திரி ஏட்டுல இருக்குது. நம்மகிட்ட பாதி வரிசை நம்ம வீட்டுக்குள்ளயே இருக்குது. "ஆடி நோம்பி முடியட்டும்." "தீபாவளி போனஸ் வாங்கிட்டுப் போலாம்." "பையனுக்குப் பரீட்சை." "இந்த மாசம் குழுக் கடன் தவணை இருக்குது." ஒரு நாள் கூலி போகும், கூட வர்றவங்க கூலியும் போகும், பஸ் காசு, சாப்பாட்டுக் காசு. இதையெல்லாம் கூட்டிப் பார்த்து நாமளே நம்ம தேதியைத் தள்ளித் தள்ளி வெக்கிறோம்.

மீதிப் பாதி வெளியில இருக்கிறது. ஆறு வருஷம் தார் போட்ட இடுப்பு எனக்கு. ஆரம்ப சுகாதார நிலையத்துல எழுதிக் கொடுத்து, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன். எலும்பு டாக்டர் வர்ற நாள் வேற, நான் போன நாள் வேற. அடுத்த வாரம் போனா ஸ்கேனுக்கு அஞ்சு வாரம் தள்ளித் தேதி. படம் வாங்கிட்டுப் போன அன்னைக்கு டாக்டர் லீவு. எல்லாம் சேர்ந்து நாலு மாசம். எந்த ஆஸ்பத்திரின்னு சொல்ல வரலைங்க, கூட்டம் அப்படி. அந்த நாலு மாசத்தை எப்படிக் கழிக்கோணும்னு யாரும் சொல்றதில்லை. அதைத்தான் இன்னைக்குப் பேசலாம்னு வந்தேன்.

காத்திருக்கிற காலத்துல நம்மளை முதல்ல கூப்பிடறது மெடிக்கல் ஷாப். "அண்ணா, இடுப்பு நோவுக்கு ரெண்டு வேளைக்குக் குடுங்க." பொட்டலத்துல மூணு கலர் மாத்திரை வரும். சாயங்காலம் நோவு பறந்துரும், காலையில திரும்பி வரும், மறுபடியும் பொட்டலம். அதுல பெரும்பாலும் டைக்ளோஃபினாக், அசிக்ளோஃபினாக் மாதிரி வலி மாத்திரை இருக்கும். டாக்டர் சொல்லி, சாப்பிட்டுட்டு, சில நாளைக்குப் போட்டுக்கிறது வேற. மாசக்கணக்குல போட்டா வயித்துல புண்ணாகி ரத்தம் கசியும், பிரஷர் ஏறும், சிறுநீரகம் கெடும். வெயிலுல தண்ணி குடிக்காம வேலை செய்யற நமக்கு அந்த ஆபத்து இன்னும் கூட.

ஒரு கதை சொல்றேன், நிஜக் கதை. செத்த மாட்டைத் தின்னு ஊரைச் சுத்தமா வெச்சிருந்த பாறுக் கழுகு நம்ம பாட்டி காலத்துல வானம் பூரா வட்டம் போட்டுச்சு. இன்னைக்கு இந்தப் பக்கம் பார்க்கோணும்னா நீலகிரி அடிவாரத்துல மாயாறு பள்ளத்தாக்குக்குத்தான் போகோணும். அதுக்குக் காரணம் இதே டைக்ளோஃபினாக். மாட்டுக்கு நோவுன்னு ஊசி போட்டாங்க, அந்த மாடு செத்துச்சு, அதைத் தின்ன கழுகுக்கு சிறுநீரகம் கெட்டுச் செத்துச்சு. 2004இல் அதைக் கண்டுபிடிச்சாங்க, 2006இல் மாட்டுக்கு அந்த மருந்தைத் தடை பண்ணினாங்க. மனுசன் உடம்பு கழுகு உடம்பு இல்லைங்க, அந்த அளவுக்கு நமக்கு ஆகாது. ஆனா நோவு மாத்திரை ஒண்ணும் மிட்டாய் இல்லைன்னு மனசுல நிக்கட்டும்.

அந்தப் பொட்டலத்துல இன்னொரு குட்டி மாத்திரையும் இருக்கலாம், ஸ்டீராய்டு. போட்டதும் பத்து வயசு குறைஞ்ச மாதிரி இருக்கும். அப்புறம் மூஞ்சி உப்பும், சர்க்கரை ஏறும், எலும்பு தேயும். ரொம்ப நாளா போட்டுக்கிட்டு இருக்கிறவங்க, நான் சொன்னேன்னு நாளைக்கே டக்குனு நிறுத்திராதீங்க. அது அதைவிட ஆபத்து. மாத்திரை அட்டையை எடுத்துட்டுப் போய் டாக்டர்கிட்ட காட்டுங்க, அவங்க படிப்படியா குறைப்பாங்க.

அடுத்தது பேச்சு. பெரிய டாக்டர்கிட்ட நமக்குக் கிடைக்கிறது ரெண்டு மூணு நிமிசம். நாலு மாசம் காத்திருந்து உள்ள போனதும் நாம என்ன சொல்றோம்? "உடம்பெல்லாம் நோவுதுங்க." முடிஞ்சது. ரொனால்ட் மெல்சாக்னு கனடா நாட்டு அறிஞர் ஒருத்தர், நோயாளிங்க வலியைச் சொல்ற வார்த்தைகளைப் பொறுக்கி எடுத்து, 1975இல் 78 வார்த்தை கொண்ட ஒரு கேள்வித்தாளே தயார் பண்ணினார். நம்மகிட்ட வார்த்தைக்கா பஞ்சம்? குத்துது, கடுக்குது, இழுக்குது, குடையுது, எரியுது, சுள்ளுங்குது, விண்ணு விண்ணுங்குது, மதமதங்குது, மரத்துப் போகுது. இது ஒவ்வொண்ணும் வேற வேற நோவு. எரிச்சல், சுள்ளுனு கரண்டு அடிக்கிற மாதிரி இடுப்புல இருந்து கால் வரைக்கும் ஓடறது, மதமதப்பு - இதெல்லாம் நரம்புப் பக்கம் பார்க்கச் சொல்லும். வேலை செஞ்சா கூடி, படுத்தா குறையற கடுப்பு வேற. காலையில எந்திரிச்சதும் விரல் மடங்காம, ஒரு மணி நேரத்துக்கு மேல விறைச்சுக்கிட்டு, ரெண்டு கையிலயும் சின்னச் சின்ன மூட்டு வீங்கியிருந்தா அது முடக்குவாதமா இருக்கலாம். அதைத் தள்ளிப் போடவே கூடாது, நாள் ஆக ஆக மூட்டு கோணிப்போகும், சீக்கிரம் மருந்து ஆரம்பிச்சா தடுக்கலாம்.

அதனால ஒரு நாப்பது பக்க நோட்டு வாங்குங்க. எழுதத் தெரியாதவங்க பேத்தியை எழுதச் சொல்லுங்க. எங்க நோவுது, எப்படி நோவுது, எந்த நேரத்துல, எந்த வேலைக்கு அப்புறம், ராத்திரி தூக்கம் எத்தனை மணி நேரம், என்ன மாத்திரை போட்டீங்க. தினமும் ரெண்டு வரி போதும். முக்கியமா, நோவால எந்த வேலையைச் செய்ய முடியலைன்னு எழுதுங்க. "முட்டி நோவுது"ங்கிறதை விட "கக்கூஸுல உக்காந்தா கையை ஊனாம எந்திரிக்க முடியலை"ங்கிறது டாக்டருக்கு நிறைய சொல்லும். அதைச் சொல்ல வெக்கப்படாதீங்க.

படுத்தே கிடந்தா இடுப்பு சரியாயிரும்ங்கிறது பழைய பேச்சு. ஒண்ணு ரெண்டு நாள் ஓய்வு சரி, வாரக்கணக்குல படுத்தா தசை இளைச்சு நோவு கூடத்தான் செய்யும். தாங்கற அளவுக்கு நடக்கோணும். ஒரே வேலையை மணிக்கணக்கா செய்யாம அரை மணிக்கு ஒருக்கா எந்திரிச்சு நிமிரோணும். கிழங்கு சீவறவங்க குத்த வெக்காம ஒரு மணை போட்டு உக்காருங்க. வெந்நீர் ஒத்தடம் கொடுங்க, சர்க்கரை நோயால கால் மரத்தவங்க மட்டும் சூட்டைக் கையால தொட்டுப் பார்த்து வெக்கோணும், இல்லாட்டி கொப்புளிச்சுரும். இடிச்ச இடத்தை அம்மா தேய்ச்சு விட்டா நோவு குறையுதே, அதுக்கும் காரணம் இருக்குதுங்க. முன்ன சொன்ன மெல்சாக்கும், பேட்ரிக் வால்னு இன்னொருத்தரும் 1965இல் சொன்னாங்க: தண்டுவடத்துல ஒரு வாசல் மாதிரி இருக்குது, தேய்க்கிற உணர்ச்சி அதுல நுழைஞ்சா நோவு நுழையறது குறையும்னு. மேல மூளையில இருந்தும் அந்த வாசலை அடைக்கவும் திறக்கவும் முடியுமாம். கவலையும் தூக்கமின்மையும் நோவை ஏத்தறது அதனாலதான். புருசன் குடிச்சுட்டு வந்த ராத்திரி இடுப்பு கூட நோவுறது பொய் இல்லை.

இப்ப சொல்றதை மட்டும் நல்லா காதுல வாங்குங்க. சில நோவுக்குத் தேதி பார்த்துக் காத்திருக்கக் கூடாது. இடுப்பு நோவோட ஒண்ணுக்குப் போக முடியலை, இல்லை தன்னால கசியுது, உக்கார்ற இடம் மரத்துப் போச்சு, கால் பலம் இழந்து தொங்குது - அன்னைக்கே, ராத்திரியா இருந்தாலும் 108ஐக் கூப்பிடுங்க. நெஞ்சை அழுத்தற நோவு தோளுக்கோ தாடைக்கோ போனாலும் அப்படித்தான். காய்ச்சலோட வர்ற முதுகு நோவு, காரணமில்லாம உடம்பு இளைக்கிறது, முன்னாடி புற்றுநோய்க்கு வைத்தியம் பார்த்தவங்களுக்குப் புதுசா வர்ற எலும்பு நோவு, கீழ விழுந்ததுக்கு அப்புறம் வந்த நோவு, இதுக்கும் தேதி வரட்டும்னு உக்காரக் கூடாது. சந்தேகம்னா 104க்கு போன் பண்ணி ஆலோசனை கேக்கலாம்.

காகித வேலையையும் இந்தக் காலத்துலயே முடிச்சு வெச்சுக்கோணும். முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை, குடும்பத்துக்கு வருசத்துக்கு 5 லட்சம் வரைக்கும். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள்ள இருக்கிறவங்க, வருமானச் சான்றும் ரேஷன் கார்டும் கொண்டுபோய் கலெக்டர் ஆபீசுல எடுக்கலாம். ஆபரேஷன்னு சொன்னதுக்கு அப்புறம் ஓடறதை விட இப்பவே எடுங்க. சேலத்துல மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை நம்ம எல்லாருக்கும் தெரியும். நாமக்கல்லுக்கும் 2022 ஜனவரியில மருத்துவக் கல்லூரி வந்துருச்சு. எந்தப் பிரிவு எந்த நாள்னு விசாரிச்சுட்டுப் போனா ஒரு நாள் கூலி மிச்சம். 2021 ஆகஸ்ட்ல கிருஷ்ணகிரி மாவட்டத்துல ஆரம்பிச்ச மக்களைத் தேடி மருத்துவத்துல, வீட்டுக்கே வந்து பிசியோதெரபி சொல்லித் தர்றதும் இருக்குது. அதுல வீடு வீடா போற தன்னார்வலர்கள் நம்ம குழுப் பொண்ணுங்கதான். படுக்கையில இருக்கிற மாமியாருக்கு மட்டும்தான்னு நினைக்காம, அவங்ககிட்ட உங்க இடுப்பைப் பத்தியும் கேளுங்க.

கடைசியா நம்ம குழுக்களுக்கு. பக்கத்துப் பஞ்சாயத்துல ஒரு அக்கா மூணு கூட்டத்துக்கு வரலை. ஆர்வம் குறைஞ்சு போச்சுன்னு பேசிக்கிட்டாங்க. ஊக்குநர் வீட்டுக்குப் போய்க் கேட்டப்பத்தான் தெரிஞ்சது: "பாயில உக்காந்தா எந்திரிக்க ரெண்டு பேரு தூக்கோணும் சாமி, அத்தனை பேர் முன்னாடி எப்படி வருவேன்?" பத்து வருசம் தவறாம சேமிப்புக் கட்டின அக்கா. ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டாங்க, அடுத்த மாசம் வந்துட்டாங்க.

அதனால நான் மூணு தீர்மானம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். கூட்டத்துல ரெண்டு நாற்காலியாவது போடோணும், வயசைக் கேக்காம யாரு வேணும்னாலும் உக்காரலாம். ஓபி சீட்டு காட்டினா கூட்டத்துக்கு வராததுக்கு அபராதம் கிடையாது. ஸ்கேன், டாக்டர் தேதிக்குப் போறவங்களுக்கு சங்கச் சேமிப்புல இருந்து அன்னைக்கே ஒரு சின்னக் கடன், கூடப் போக ஒரு உறுப்பினர். மூணாவதுக்குப் பணம் எவ்வளவுன்னு ஒவ்வொரு குழுவும் அவங்க கையிருப்பைப் பார்த்து முடிவு பண்ணிக்கட்டும், பொருளாளர் அக்கா இதுல என்னைவிடக் கெட்டிக்காரங்க.

தீர்மான நோட்டு மேடைக்குப் பக்கத்துல செயலாளர் அக்காகிட்ட இருக்குது. சாப்பாட்டுக்கு முன்னாடி ஊக்குநருங்க படிச்சுப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்க. டாக்டர் தேதி கைவசம் வெச்சிருக்கிறவங்க, கூடப் போக ஆள் இல்லாதவங்க, பின் பக்கத்துல பேரும் தேதியும் எழுதி வெச்சுட்டுப் போங்க. முதல் பேரா என் சின்னம்மா பேரு இருக்குது, வர்ற வியாழக்கிழமை.