வேலிக்குள் வைக்கப்பட்ட மனிதர்கள்

(தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)

பொருட்காட்சி என்றால் நமக்குத் தெரியும். பிள்ளைகுட்டிகளோடு போவோம், ராட்டினம் ஏறுவோம், பொரி வாங்கித் தின்றுவிட்டு வீடு திரும்புவோம். நாம் இன்று பேச எடுத்துக்கொண்டது அதைவிடப் பல மடங்கு பெரிய பொருட்காட்சி. 1958-ம் வருஷம் பெல்ஜியம் நாட்டுத் தலைநகர் பிரஸ்ஸல்ஸில் நடந்த உலகப் பொருட்காட்சி அது. ஏப்ரல் 17-ல் துவங்கி அக்டோபர் 19 வரை நடந்தது. நாலு கோடிக்கு மேற்பட்ட ஜனங்கள் வந்து பார்த்தார்கள்.

அங்கே என்ன காட்டினார்கள்? நடுவே அட்டோமியம் என்ற கோபுரத்தை எழுப்பினார்கள். அதன் உயரம் 102 மீட்டர். இரும்பில் அணுக்கள் அடுக்கியிருக்கும் விதத்தை 16,500 கோடி மடங்கு பெரிதாக்கி, ஒன்பது உருண்டைகளாக நிறுத்தினார்கள். இன்றும் அது நிற்கிறது. சோவியத் யூனியனின் மண்டபத்தில் ஸ்புட்னிக்கின் மாதிரிகள் இருந்தன. ஜாராட்சியை வீழ்த்திய நாற்பதே ஆண்டுகளில், 1957-ல், தொழிலாளரின் நாடு வானத்தில் விட்ட முதல் செயற்கைச் சந்திரன் அது. அதை நினைத்து நாம் பெருமைப்படுவதில் தவறில்லை.

ஆனால் தோழர்களே, அதே மைதானத்தில் இன்னொரு மூலையும் இருந்தது.

அன்று ஆப்பிரிக்காவின் காங்கோ நாடு பெல்ஜியத்தின் அடிமை நாடு. 1908 வரை அது லியோபோல்டு மன்னனின் சொந்தச் சொத்தாகவே இருந்தது. ரப்பருக்காக அவன் ஆட்கள் ஜனங்களின் கைகளை வெட்டினார்கள். பிறகு அந்த மண்ணின் தாமிரமும் யுரேனியமும் கம்பெனிகளின் கைக்குப் போயின. ஹிரோஷிமாவை எரித்த அணுகுண்டைச் செய்த திட்டத்துக்கு யுரேனியத்தில் பெரும் பங்கு காங்கோவின் ஷிங்கோலோப்வே சுரங்கத்திலிருந்தே போனது. அணுவுக்கு வானளாவ கோபுரம் கட்டினார்களே, யுரேனியத்தை வெட்டியெடுத்த சுரங்கத் தொழிலாளிக்கு என்ன கொடுத்தார்கள்?

வேலி கொடுத்தார்கள்! பொருட்காட்சிக்குக் காங்கோ மக்கள் சுமார் 600 பேரைக் கொண்டுவந்தார்கள். அவர்களில் கைவினைத் தொழிலாளர்களைக் கூரைக் குடிசைகளில் உட்கார வைத்து, சுற்றிலும் வேலி கட்டி, வேலை செய்துகாட்டச் சொன்னார்கள். பார்க்க வந்தவர்களில் சிலர் வேலிக்கு மேலே காசையும் வாழைப்பழத்தையும் வீசினார்கள், குரங்குக்கு வீசுவதுபோல!

இது புதிதுமல்ல. 1897-ல் பிரஸ்ஸல்ஸ் அருகே தெர்வூரனில் 267 காங்கோ மக்களை இதேபோல் காட்சிக்கு வைத்தார்கள். ஏழு பேர் அங்கேயே மாண்டார்கள்.

ஆனால் 1958-ல் கதை வேறாயிற்று. குடிசையில் இருந்தவர்கள் பொறுத்துக்கொள்ளவில்லை. முறையிட்டார்கள். ஜூலை மாதம் வேலையைப் போட்டுவிட்டு ஊருக்குப் புறப்பட்டார்கள். பொருட்காட்சி முடியும்வரை அந்தக் குடிசைகள் காலியாகக் கிடந்தன. இதற்கு நாம் வைத்திருக்கும் பெயர் என்ன? வேலைநிறுத்தம்!

1959 ஜனவரியில் காங்கோவின் தலைநகர வீதிகளில் மக்கள் கொதித்தெழுந்தார்கள். 1960 ஜூன் 30-ல் நாடு சுதந்திரம் பெற்றது. அன்றைய விழாவில் பெல்ஜியம் மன்னர் லியோபோல்டின் பணியைப் புகழ்ந்தார். பிரதமர் பத்திரிஸ் லுமும்பா எழுந்து, கட்டாய உழைப்பையும் பட்ட அவமானத்தையும் அவர் முகத்துக்கு நேரே எடுத்துச் சொன்னார். ஏகாதிபத்தியம் அதை மன்னிக்கவில்லை. 1961 ஜனவரி 17-ல் லுமும்பாவைக் கொன்றார்கள். அந்தக் கொலையில் தன் பொறுப்புக்காக பெல்ஜியம் அரசு மன்னிப்புக் கேட்டது எப்போது? 2002-ல்!

தோழர்களே! இயந்திரத்துக்கு நாம் விரோதிகள் அல்ல. ஸ்புட்னிக்குக்குக் கை தட்டுவோம். ஆனால் இயந்திரத்தைக் கண்டு மலைத்து, அதே மைதானத்தில் வேலிக்குள் இருந்த மனிதனைப் பார்க்கத் தவறினால், நாமும் காசு வீசியவர்கள் பக்கம்தான் நிற்போம். ஆலையிலோ வயலிலோ புது யந்திரம் வந்து, பெரிய மனிதர்கள் மாலை போட்டுப் படம் எடுக்கும்போது, நாம் ஒன்று கேட்போம்: இதை ஓட்டுகிறவன் எங்கே? அவன் கூலி என்ன? அவனுக்கு மரியாதை உண்டா?

வேலிக்குள் இருந்தவர்கள் அதைக் கேட்டார்கள். எழுந்து நடந்தார்கள். நாமும் கேட்போம்; ஒன்றாக எழுவோம்!