கண் சிமிட்டும் விளக்கு



அமெரிக்க நாட்டில் வீடுபோல் அமைந்த ஊர்திகளிற் குடும்பத்தோடு நெடும்பயணம் செய்வோர் பலர். அவ்வூர்திகளிற் பூட்டப்பெறும் மின்பிறப்பாக்கிகளுள், 1920ஆம் ஆண்டில் மினியாப்பொலிஸ் நகரில் தோன்றிய ஓனன் நிறுவனத்தாருடையவை பெயர்பெற்றவை.

அவற்றுட் பல, பழுதுற்று நின்றதும் ஆளியிலுள்ள சிறு விளக்கைச் சிமிட்டிக் காரணம் கூறும். இருமுறை சிமிட்டினால் எண்ணெயழுத்தம் குறைவு. நான்குமுறையாயின், சுழற்றியும் பொறி உயிர்பெறவில்லை. மும்முறையாயின், நிறுத்தும் ஆளியை மூன்றுதரம் அழுத்த, ஈரிலக்க எண்ணொன்று வெளிப்படும். அவ்வெண் 36 ஆயின், கட்டளையின்றியே பொறி நின்றது என்பது பொருள். உடனே விலையுயர்ந்த உறுப்புகளை மாற்ற விரைதல் தகாது. முதலில் எரிபொருளைப் பார்த்தல் வேண்டும். ஊர்தியின் தாங்கியிலிருந்தே பெற்றோல் பெறும் பொறிக்கு, உறிஞ்சுகுழாய் பெரும்பாலும் அடித்தளத்திற்கு மேலே நிறுத்தப்பட்டிருக்கும். ஆதலால், ஏறத்தாழக் காற்பங்கு எஞ்சியிருக்கவே பொறி நின்றுவிடும். ஊர்தியோ தொடர்ந்து ஓடும். பயணியரை நடுவழியில் இருளில் விடாதிருக்கச் செய்த ஏற்பாடு அது. தாங்கி நிறைந்திருந்தால், அடுத்து வடிகட்டியைச் சோதிக்கலாம்.

எண் நோயன்று, நோயின் அறிகுறியே. எண்ணெய் குறைந்த பொறியைக் காரணம் தேடாது மீண்டும் மீண்டும் முடுக்குவோர் அதனை அழித்துவிடுவர்.

இன்னுமொன்று: அவ்விளக்கு பொறியின் நலத்தையே கூறும், மனிதர் நலத்தைக் கூறாது. புகைக்குழாய் வெடித்து, மணமற்ற காபனோரொட்சைட்டு துயில்வோர் அறையுட் புகுந்தாலும் அது சிமிட்டாது. அதற்கெனத் தனி எச்சரிக்கைக் கருவி வேண்டும். அதனைச் சோதித்த பின்னரே உறங்கச் செல்லுதல் அறிவுடைமை.