கருமணலும் கைகர் குழாயும்

முல்லைத்தீவு மாவட்டத்தின் தென்கோடியிலே கொக்கிளாய்க் கடல்நீரேரி இருக்கின்றது. அதனைக் கடந்து தெற்கே சென்றால் திருகோணமலை மாவட்டத்துப் புல்மோட்டை. இப்பகுதிக் கரையோரத்திலே வெண்மணலோடு கருமணலும் பட்டை பட்டையாகப் படிந்து கிடக்கக் காணலாம். புல்மோட்டைக் கனிய மணலிலே நூற்றுக்கு எழுபது பங்கு அளவில் இல்மனைற்று உண்டு. உரூற்றைல், சேர்க்கன் என்பனவும் உண்டு. 1957 ஆம் ஆண்டிலே இதனை எடுத்து ஏற்றுமதி செய்யும் பொருட்டு அரசாங்கக் கூட்டுத்தாபனம் ஒன்று நிறுவப்பட்டது.

இம்மணலிலே கதிர்வீச்சு உண்டென்று கேள்விப்படும் கரையோர மக்கள், "இதன்மேல் நடப்பதும் கரைவலை இழுப்பதும் கேடாகுமோ?" என்று அஞ்சுதல் இயல்பு. "பாட்டன் காலந்தொட்டு இருக்கின்றோமே, என்ன வந்தது?" என்று தட்டிக் கழித்தலும் இயல்பே. அச்சமும் அலட்சியமும் ஆகிய இரண்டுமே அளந்து பாராமையின் விளைவுகள். அளப்பதற்கோ மிக எளிய கருவி ஒன்று இருக்கின்றது.

முதலில் ஒரு மயக்கத்தை நீக்குதல் வேண்டும். மணலுக்குக் கருநிறம் தருவது இல்மனைற்று. அஃது இரும்பும் தைத்தேனியமும் ஒட்சிசனும் சேர்ந்த கனியம்; கதிர் வீசும் இயல்பு அதற்கில்லை. கதிர் வீசுவது மொனசைற்று என்னும் தேன்நிறக் கனியத்திலுள்ள தோரியமே. புல்மோட்டை மணலிலே மொனசைற்று நூற்றில் ஒரு பங்கினும் குறைவு. ஆகவே, மணலின் கருமையைக் கண்டு கதிரின் அளவை மதிப்பிடுதல் இயலாது. கண் கைவிட்ட இடத்திலேதான் கைகர் குழாய் துணைக்கு வருகின்றது.

அக்குழாயின் அமைப்பு யாது? உலோகத்தாலான ஓர் உருளை. அதன் நடுவே மெல்லியதொரு கம்பி. உள்ளே ஆகன் அல்லது நேயன் வாயு, வளிமண்டல அமுக்கத்தில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு அமுக்கத்தில் அடைக்கப்பட்டிருக்கும். கம்பிக்கும் உருளைக்கும் இடையே சில நூறு வோல்ற்று மின்னழுத்தம் கொடுக்கப்படும். வாயு மின்னைக் கடத்தாது. ஆதலின் மின் ஓடாது காத்து நிற்கும்.

கதிர் ஒன்று உள்ளே புகுந்து ஒரு வாயு அணுவைத் தாக்கினால், அதனின்று ஓர் இலத்திரன் பிரிந்து நேர்மின்னுடைய கம்பியை நோக்கி விரையும். கம்பி மெலிந்ததாதலின் அதன் அருகே மின்புலம் மிகக் கடுமையானது. அங்கே விரைவு பெற்ற இலத்திரன் வேறு அணுக்களை மோதும்; ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகிப் பல கோடியாகப் பெருகும். அவ்வேளை எழும் புறவூதா ஒளி, கம்பியின் முழுநீளத்துக்கும் இப்பெருக்கைப் பரப்பிவிடும். இவ்வாறு உண்டாகும் மின்துடிப்பையே ஒலிபெருக்கியிலே "டிக்" என்னும் ஓசையாகக் கேட்கின்றோம்.

வன்னி நேயர்களுக்குக் குளக்கட்டு நன்கு தெரிந்தது. நண்டு துளைத்த சிறு வளை வழியே கசியும் நீர், கவனியாது விட்டால், கட்டையே உடைத்துவிடும். உடைத்துக்கொண்டு பாயும் வெள்ளத்தின் வலிமை நண்டின் வலிமையன்று. குளத்திலே தேங்கிநின்ற நீரின் வலிமை. அவ்வாறே துடிப்பின் வலிமை கதிரினுடையதன்று. கம்பியிலே காத்திருந்த மின்னழுத்தத்தினுடையது. ஆதலின், வந்த கதிர் வலியதோ மெலியதோ, துடிப்பு ஒரே அளவினதாகும். குழாய் எண்ணுமேயன்றி இனம் பிரித்துக் கூறாது.

உடைந்த கட்டை அடைக்கவும் வேண்டும். மதுசார ஆவி, அல்லது புரோமின் போன்ற வாயு, சிறிதளவு கலக்கப்பட்டிருப்பதால் மின்பெருக்கு தானே அடங்கும். அடங்குவதற்குச் செக்கனில் பதினாயிரத்தில் ஒரு பங்களவு நேரம் செல்லும். அந்நேரத்திலே வரும் கதிர்கள் எண்ணப்படுவதில்லை. மிகக் கடுமையான கதிர்வீச்சில் சில கருவிகள் குறைவாகக் காட்டுவதற்கும், முற்றாக ஊமையாகிவிடுவதற்கும் இதுவே காரணம்.

1908 ஆம் ஆண்டிலே மான்செஸ்ரர் நகரில் உரதபோட்டும் கைகரும் இவ்வழியில் முதற் கருவியை அமைத்தனர். 1928 இல் கீல் நகரிலே கைகரும் அவருடைய மாணாக்கர் முல்லரும் அதனைத் திருத்தி இன்றைய வடிவுக்குக் கொண்டுவந்தனர். அதற்கு முன்னரே, 1904 இல், இலங்கைக் கனிய ஆய்வுப் பகுதியின் தலைவராயிருந்த ஆனந்த குமாரசுவாமி, தோரியம் மிகுந்த தோரியனைற்று என்னும் புதுக் கனியத்தை இந்நாட்டிலே கண்டெடுத்தார். கலை வரலாற்றறிஞராக உலகம் போற்றும் அதே குமாரசுவாமிதான்.

இனி, மணலை அளக்கும் முறை. மண்ணிலிருந்தும் விண்ணிலிருந்தும் வரும் கதிர்கள் எங்கும் உள்ளன. ஆகவே மணலில்லாத இடத்தில் முதலில் எண்ணி, அத்தொகையை மணலருகே எண்ணிய தொகையிலிருந்து கழித்தல் வேண்டும். கதிர்கள் ஒழுங்கின்றி வருவன; நூறு எண்ணினால் பத்து வரையில் கூடிக் குறைதல் இயல்பு; பதினாயிரம் எண்ணினால் வேறுபாடு நூறளவே. எனவே ஒரு நிமிட ஓசையைக் கேட்டு முடிவு கூறலாகாது. பொறுமையாக நீண்ட நேரம் எண்ணுதல் வேண்டும்.

மற்றுமோர் எச்சரிக்கை. தோரியம் வீசும் அல்பாக் கதிரை ஒரு தாளே தடுத்துவிடும். மெல்லிய மைக்கா வாயில் இல்லாத குழாய்க்குள் அது புகாது. தோலும் அதனைத் தடுக்கும். ஆயினும் மொனசைற்றுத் தூசை மூச்சோடு உள்ளிழுத்தால், அக்கதிர் நுரையீரலுக்குள்ளேயே தொழிற்படும். ஆதலின் கரையில் நடப்பவரினும், மணலை உலர்த்திக் கனியங்களைப் பிரிக்கும் தொழிலாளரே கூடிய பாதுகாப்புக்கு உரியவர். தூசு அடக்கலும் முகமூடியும் அவர்களுக்கு இன்றியமையாதன. கதிர்வீச்சுப் பாதுகாப்பை மேற்பார்வை செய்யும் பேரவை ஒன்று 2014 ஆம் ஆண்டின் 40 ஆம் இலக்க அணுசக்திச் சட்டத்தினால் அமைக்கப்பட்டுள்ளது. தொழிலகத்தில் எடுக்கப்பட்ட அளவைக் காட்டுமாறு கேட்பதும், அதன் பொருளை விளங்கிக்கொள்வதும் கரையோர மக்களின் உரிமையாகும். குழாய் ஒலித்தவுடன் ஓடவும் வேண்டா. ஒலியாதபோது அயரவும் வேண்டா. எந்தக் குழாய், எவ்வளவு நேரம், எவ்விடத்தில் என்று கேட்டறிந்த பின்னரே துணிதல் நன்று.